மன்னிப்புக்கு மதிப்பெண்

பேரரசுகள் கவிழ்ந்ததும், கொடுங்கோலர்கள் மண்டியிட்டதும், மனித குலம் தலை நிமிர்ந்ததும், எங்கோ ஒரு மனசாட்சி விழித்தெழுந்த ஏதோ ஒரு விடியலில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வீட்டில் மனசாட்சி விழித்தெழுந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலுக்கே வந்துவிட்டிருந்தது. எழுந்ததும் அது, "வெந்நீர் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டது.

மனசாட்சி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறது. வீட்டில் அதற்குத் தலைவி என்று பெயர்.

இந்தக் குடும்பத்தை முதன்முதலாகச் சந்திக்கிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. பழகியவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

தலைவி தலைமை தாங்குவது மாணவர் விழிப்புணர்வு மன்றத்துக்கு. எந்தக் கடையாவது, எந்தப் பெரிய மனிதராவது மாணவர் சமுதாயத்தை முகம் சுளிக்க வைத்தால் மன்றம் ஒரு பதிவு போடும். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் மாணவர் நிழல்கூட விழாது. கடைக்காரர் முதலில் முறுக்கிக்கொள்வார். பிறகு ஈ ஓட்டுவார். அப்புறம் மன்னிப்புக் கேட்டுத் தானும் ஒரு பதிவு போடுவார். அதோடு விட்டுவிடுவார்களா? மன்றத்தின் மதிப்பீட்டுக் குழு அந்த மன்னிப்பைப் படித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும். ஏழு வாங்கினால் பாஸ். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று எழுதினால் மார்க் குறையும். காரணம் சொன்னால் இன்னும் குறையும். நடுவில் தாயாரின் உடல்நிலையை இழுத்தால் பூஜ்யம்.

தலைவியின் அப்பா மின்விசிறி கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்றவர். விசிறி கிரீச்சிடுகிறது என்று யாராவது எழுதினால், 'வருந்துகிறோம்.' சுற்றவே மாட்டேன் என்கிறது என்றால், 'மிகவும் வருந்துகிறோம்.' கழன்று சாப்பாட்டு மேஜை மேல் விழுந்துவிட்டது என்றால், 'ஆழ்ந்து வருந்துகிறோம். மேஜையின் அளவைத் தெரிவிக்கவும்.' கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயரே மறைந்து, காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'வருந்துகிறோம் சார்' ஆகிப்போனார்.

ஓய்வு பெற்ற பிறகு வருந்துவதற்கு எதுவும் இல்லாமல் மனிதர் வாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மன்றத்தின் புறக்கணிப்பில் சிக்கிய சலவைக் கடைக்காரர், இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவையும் ஃபெயிலாகி, இவரிடம் வந்து கண் கலங்கினார். வருந்துகிறோம் சார் எழுதிக் கொடுத்தார். மார்க் ஒன்பது. செய்தி கடைவீதியில் ஓசையில்லாமல் பரவியது. அதற்குப் பிறகு மன்றம் யாரைப் புறக்கணித்தாலும், அவர் பின்வாசல் வழியாக நேரே இந்த வீட்டுக்குத்தான் வருவார். காசு வாங்குவதில்லை என்பது சாரின் கொள்கை. பொருளாக வாங்குவது பழக்கம். சட்டைகள் தாமாகவே வெளுத்து மடித்து வந்தன. மாலையானால் கேக் வந்தது.

ஆக, மகள் புறக்கணிப்பாள். அப்பா மன்னிப்புக் கேட்பார். மகள் மார்க் போடுவாள். இது அம்மாவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

பேக்கரிக்காரரின் மன்னிப்பை அவள் சாப்பாட்டு மேஜையிலேயே உரக்கப் படித்துக் காட்டினாள். "இதுதான்ப்பா மன்னிப்பு. படிக்கும்போதே தெரியுது பாருங்க, எழுதும்போது அந்த மனுஷன் அழுதிருக்காரு," என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதது உண்மை. அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டேதான் சார் அதை எழுதினார்.

முன்கதை இவ்வளவுதான். இனி, வெந்நீர் இல்லாத அந்தக் காலைப்பொழுது.

குளித்துவிட்டு வந்த தலைவி புது ஷூவை மாட்டிக்கொண்டாள். வெள்ளை ஷூ, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. முந்தின நாள் அப்பா கொடுத்தது. கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க வாங்கினீங்களாம்?" என்று அம்மா கேட்டாள். கேள்வி அப்பாவுக்கு, பார்வையும் அப்பாவுக்கு. அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர்களை நாள் முழுவதும் பார்த்துப் பழகியவள். இதுவும் அந்த வகை என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பழைய ஆபீஸ் சிநேகிதர் கொடுத்தார்," என்றார் சார்.

"விசிறி கம்பெனியிலயா?"

"அவரோட மச்சான் ஷூ கம்பெனி."

அம்மா தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது, "மச்சானை நான் விசாரிச்சதா சொல்லுங்க," என்றாள்.

மச்சான் என்று யாரும் இல்லை. இருந்தது கல்லூரிச் சாலை முனையில் ஒரு ஷூ கடை. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போவார்கள், இருக்கிற ஜோடியெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், வெளியே வந்து படியிலேயே நின்று அதே ஷூவை இணையத்தில் வாங்குவார்கள். வெறுத்துப்போன கடைக்காரர், 'போட்டோ எடுக்க மட்டும் வரும் மாணவர்கள் ஸ்டூடியோவுக்குப் போகவும்' என்று வாசலில் பலகை மாட்டினார். மன்றம் கொதித்தது. கடை காற்று வாங்கியது. சார் எழுதிக் கொடுத்த மன்னிப்பு அன்று மதியம்தான் மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் வர இருந்தது. கடைக்காரரோ நன்றியை முன்கூட்டியே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சார் ஜாக்கிரதையான மனிதர். டப்பாவைக் கிழித்தார். கடைப் பெயர் போட்ட பையைக் குப்பையில் அடியில் அமுக்கினார். உள்ளே திணித்திருந்த காகிதத்தைக்கூட உருவிப் போட்டார். ஷூவின் அடியைத் திருப்பிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. வாழ்க்கை முழுக்க அண்ணாந்து பார்த்தே பழகியவர்.

வெயில் ஏறியதும் தலைவி கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நேரலையில் பேச ஆரம்பித்தாள். 'நாம் அணியும் ஒவ்வொன்றும் நம் கொள்கையின் சாட்சி' என்பது தலைப்பு. சார் வீட்டில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் நிமித்தம் அவர் மன்றத்தை மேஜை விசிறிப் படம் போட்ட, 'காற்று' என்ற கணக்கிலிருந்து பின்தொடர்ந்து வந்தார். தலைவி நன்றாகத்தான் பேசினாள். கையை வீசினாள். குரலை ஏற்றினாள், இறக்கினாள். பேச்சு சூடு பிடித்ததும் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டாள்.

ஷூவின் அடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது.

சார் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடையின் பெயர், கூடவே விலை. இன்னும் யாரும் கவனிக்கவில்லை. ஃபோன் செய்தால் எடுக்க முடியாது, அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். ஓடினால் போய்ச் சேருவதற்குள் புரட்சி முடிந்துவிடும். அவருக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவதுதான். அவசரமாகக் கருத்துப் பகுதியில் தட்டினார்: 'காலை மடக்கு.'

பெற்ற தகப்பன் பதறிச் சொன்ன இரண்டு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னது ஒரு மேஜை விசிறி. பெண்கள் எப்படி உட்கார வேண்டும் என்று பாடம் எடுக்க வந்த விசிறியின் மேல் மன்ற உறுப்பினர்கள் தேனீக்கள் மாதிரி பாய்ந்தார்கள். விசிறி யார், எந்த நூற்றாண்டிலிருந்து பேசுகிறது, அதன் வயரைப் பிடுங்க யாருமே இல்லையா என்று கேள்விகள் பறந்தன. விசிறியைப் புறக்கணிப்போம் என்று ஒருவர் எழுத, அதற்கு இதயங்கள் குவிந்தன. சார் பதறிப்போய், 'தயவுசெய்து' என்று சேர்த்துப் பார்த்தார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

தலைவி அதைப் பார்த்துவிட்டாள். திரைக்குள் அவள் முகம் சிவந்தது.

"இங்க ஒருத்தர் என்னைக் காலை மடக்கச் சொல்றாரு. மடக்க மாட்டேன். நல்லாப் பாத்துக்கங்க," என்று வலது காலைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

திரை முழுவதும் ஷூவின் அடி. நட்டநடுவில் மஞ்சள் ஸ்டிக்கர்.

மன்றத்தின் செயலாளர் தலைவியின் உயிர்த்தோழி. பள்ளிக்கூட நாளிலிருந்தே எதையும் படம் பிடித்துச் சேமித்து வைக்கிற கை. அதனால் அவளுக்கு ஸ்கிரீன்ஷாட் என்றே பெயர். அவள் பழக்க தோஷத்தில் பிடித்துவிட்டாள். மன்றத்தார் எல்லோருக்கும் அனுப்பவும் செய்துவிட்டாள். அனுப்பிய பிறகுதான் அது யாருடைய கால் என்று யோசித்தாள்.

மதியம் தலைவி வீட்டுக்கு வந்தபோது ஷூ கையில் இருந்தது. காலில் யாரிடமோ இரவல் வாங்கிய ரப்பர் செருப்பு, ஒரு அளவு பெரியது. அது சளக் சளக்கென்று அடித்த சத்தத்திலேயே விஷயம் பாதி விளங்கியது. மீதியை அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மன்றம் அவளைத் தலைமையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. மாலைக்குள் பொது மன்னிப்புக் கேட்டு ஏழு மார்க் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நாளைக்குக் கடலுக்குப் போகிற கல்லூரி பஸ்ஸில் அவள் ஏறலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பக்கத்து ஜன்னல் சீட் அவளுக்கு இல்லை. பின்னால், டயருக்கு மேல் உள்ள தனி சீட்.

இதையெல்லாம் அவள் கம்பீரமாகத்தான் சொன்னாள். கொள்கை என்றால் தலைவிக்கும் பொருந்தத்தானே வேண்டும் என்றாள். அப்புறம், "கேன்டீன்ல யாரும் என் பக்கத்துல உக்காரலம்மா," என்றாள். அதை மட்டும் கம்பீரமாகச் சொல்ல வரவில்லை.

மதிய இடைவேளைக்கு வந்திருந்த அம்மா அவள் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே மேஜைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் சார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

சாப்பாடு ஆறியது. தலைவி மன்னிப்பு எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ மன்னிப்புகளைக் கசக்கிப் பிழிந்து திருத்தியவளுக்குச் சொந்தமாக ஒன்று எழுத வரவில்லை. முதல் வரியை எழுதி உரக்கப் படித்தாள்: 'என் காலணி யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால்.' அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள். அடுத்தது காரணத்தில் ஆரம்பித்தது. அதற்கடுத்ததில் அம்மாவுக்கு முதுகு வலி வந்துவிட்டது.

"எனக்கு எங்கடி முதுகு வலி?" என்றாள் அம்மா.

பாவம், சாரின் விரல்கள் மேஜை விளிம்பில் தாமாகவே தட்டச்சு செய்துகொண்டிருந்தன. அவருக்கு முழு மன்னிப்பும் மனசில் ஓடியது, நிறுத்தற்குறிகளோடு. பொறுக்க முடியாமல், தான் வேண்டுமானால் ஒரு வரி எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

தலைவி நிமிர்ந்தாள். "உங்களுக்கு என்னப்பா தெரியும் மன்னிப்பைப் பத்தி? இந்த வீட்டுல யார்கிட்டயாவது ஒரு தடவை சாரி சொல்லியிருக்கீங்களா?"

"அதைக் கேளு," என்றாள் அம்மா, சுவாரசியமாகி. "கல்யாணமான புதுசுல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இடைவேளையில பாப்கார்ன் வாங்கப் போனவரு, திரும்பி வரும்போது பக்கத்துத் தியேட்டர் கதவுல நுழைஞ்சு, அங்க ஓடின படத்தை முழுசாப் பாத்துட்டு வந்தாரு. கேட்டா, அந்தப் படம்தான் நல்லா இருந்துச்சுன்னாரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு சாரி வரல. பாப்கார்னும் வரல."

"இருட்டா இருந்துச்சு," என்றார் சார்.

"காரணம் சொல்லாதீங்க," என்றாள் தலைவி. "மார்க் குறையும்."

சிரித்தவள் சட்டென்று நின்றாள். தரையில் கிடந்த ஷூவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "ஆமா, உங்க சிநேகிதரோட மச்சான் கம்பெனி ஷூவுல இந்தக் கடை ஸ்டிக்கர் எப்படிப்பா வந்துச்சு?"

சார் வாயைத் திறந்தார். பல் மருத்துவமனையில் அம்மா தினமும் பார்க்கிற அதே வாய்.

அந்த நேரம் பின்வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், ஷூ கடைக்காரர். கையில் புது டப்பா, முகம் முழுக்கப் பல். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் பொறுமைகூட அவருக்கு இல்லை.

"சார், எட்டரை. இப்பதான் போட்டாங்க. 'நான் வாசலில் மாட்டியது பலகை அல்ல, என் பயம்'னு எழுதினீங்க பாருங்க, அந்த வரியைப் படிச்சிட்டு ஒரு பொண்ணு கடைக்கே வந்து அழுதுட்டுப் போகுது சார். தடை நீங்கிருச்சு. இது அம்மாவுக்கு, வீட்டுல போட்டுக்க..."

அப்போதுதான் அவர் தலைவியைப் பார்த்தார். டப்பாவை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். வியாபாரியானாலும் சமயம் தெரிந்தவர்.

மேலே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, லேசாகக் கிரீச்சிட்டபடி. மகள் இப்போது என்ன சொல்வாள் என்று சார் காத்திருந்தார். புகார் எழுதுகிறவர்கள் எல்லோரும் முகம் தெரியாத தூரத்தில் இருந்தது எவ்வளவு பெரிய வசதி என்று முதன்முறையாக அவருக்குப் பட்டது. இனி இவள் தன்னோடு பேசாமலே இருந்துவிட்டால்? புறக்கணிப்பதில் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"சலவைக் கடை?" என்று கேட்டாள் தலைவி.

சார் தலையாட்டினார்.

"பேக்கரி?"

அதற்கும் ஆட்டினார்.

"முடி வெட்டுறவரு?"

"அது ரெண்டாவது தடவைதான் பாஸாச்சு," என்றார் சார். பயத்துக்கு நடுவிலும் அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. "முதல் தடவை நீ அஞ்சுதான் போட்டே."

"அதுல காரணம் சொல்லியிருந்தீங்க."

"கத்திரி வழுக்கினது உண்மைதான?"

"உண்மையா இருந்தா என்ன? காரணம் காரணம்தான்."

"அதுக்கு அஞ்சு மார்க்கா குறைப்பாங்க?"

"ஆமா, குறைச்சேன்."

அம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தலைவி அதைப் பார்த்துவிட்டாள். அவள் உதடும் ஓரத்தில் துடித்தது, கஷ்டப்பட்டு அடக்கினாள்.

"பேக்கரி மன்னிப்பைப் படிச்சு நான் அழுதேன்ப்பா. உங்க முன்னாடியே. நீங்க கேக் தின்னுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"நானும் அழுதேன்மா."

"வெங்காயம் நறுக்கினாரு," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். தலைவி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து சார் எழுந்து ஓடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டி, கண்ணில் நீர் வழிந்து, மேஜையைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். கொஞ்சம் அடங்கியதும் தலையைத் தூக்கி, சந்தேகமாக அவரைப் பார்த்தாள்.

"அந்த மேஜை விசிறி?"

சார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது சிரிப்பு. இந்தத் தடவை அம்மாவும் ஒளிக்கவில்லை. மருத்துவமனைக்குத் திரும்பும் நேரம் கடந்துவிட்டதை அவள் மறந்தே போனாள். யாரோ ஒரு நோயாளி அங்கே வாயைத் திறந்து வைத்தபடி காத்திருந்திருக்கக்கூடும்.

சிரிப்பு ஓய்ந்த பிறகும் சீட் பிரச்சினை அப்படியே இருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தலைவி கைபேசியை அப்பாவின் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க. ஒன்பதுக்குக் குறையக் கூடாது."

சார் எடுத்தார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார். விரலைச் சொடுக்கினார். ஒரு வார்த்தைகூட வரவில்லை. விசிறி கம்பெனிக்காக, சலவைக்காக, கேக்குக்காக ஆறு மாதிரி ஓடிய கை, பிசின் ஒட்டிய மாதிரி நின்றது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் தப்பு வேறு யாருடையதாகவோ இருந்தது. இந்தத் தடவை அது அவருடையதாகவே இருந்தது. அதைப் பெண்ணின் பேரில் எழுதக் கை கூசியது.

"வரலம்மா," என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டைத் தலைவி பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தானே தட்டினாள், யோசிக்காமல், கடகடவென்று:

'அப்பா ஒரு ஷூ கொடுத்தார். எங்கே வாங்கியது என்று நான் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் கழற்ற வேண்டி வருமோ என்று பயம். அவ்வளவு அழகாக இருந்தது. காலைத் தூக்கிக் காட்டியது வீரத்தால் இல்லை. ஷூவைக் காட்ட ஆசை. ஸ்டிக்கர் இருந்தது தெரியாது. மத்தியானம் யாரும் பக்கத்தில் உட்காராதது பிடிக்கவில்லை. நாம் புறக்கணித்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல. மன்னிக்கவும்.'

சார் எட்டிப் பார்த்தார். தொழில் ரீதியாகப் பார்த்தால் மகா மோசம். எதிர்காலத்தில் என்ன செய்யப்போகிறாள் என்பதே இல்லை. காரணம் வேறு இருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் அதைப் பதிவாகப் போட்டாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது அம்மா வாசற்படி டப்பாவைத் திறந்து போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. கேட்காமலே அளவு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்க, சார் வேறு பக்கம் பார்த்தார். அவள் ஷூவைத் திருப்பி அடியில் இருந்த ஸ்டிக்கரை முதல் வேலையாக உரித்தாள்.

விளக்குப் போடும் நேரத்தில் முன்வாசல் மணி அடித்தது. ஸ்கிரீன்ஷாட் நின்றுகொண்டிருந்தாள். கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்று, மன்றத்தின் தீர்மானத்தைக் கடகடவென ஒப்பித்தாள். குழு நீண்ட நேரம் விவாதித்ததாம். இப்படி ஒரு மன்னிப்புக்கு முன்மாதிரியே இல்லையாம். காரணம் சொல்லியதற்காகக் குறைத்து, எதிர்காலத் திட்டம் இல்லாததற்காகக் குறைத்து, மொத்தம் ஆறு.

"ஆறா?" என்றார் சார். தலைவியைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்தது.

"சிநேகிதிக்குச் சலுகை காட்டினதா ஆயிடும்ல அங்கிள். அதனால ஃபெயில் போட்டோம்," என்றாள் ஸ்கிரீன்ஷாட். பிறகு தலைவியைப் பார்த்தாள். ஒப்பித்த குரல் காணாமல் போயிற்று. "ஜன்னல் சீட் உனக்குத்தான்டி. டயர் மேல நான் உக்காந்துக்கறேன். நான்தான அனுப்பினேன்."

தலைவி குனிந்து ஸ்கிரீன்ஷாட்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை ஷூ. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு.

"தடை நீங்கினதும் ஓடிப்போய் வாங்கினேன்," என்றாள் ஸ்கிரீன்ஷாட் கூச்சத்தோடு. "காலையில அந்தப் படத்தைப் பாத்ததிலேருந்தே ஆசை. மன்றத்துல முக்கால்வாசிப் பேர் அங்கதான் இருந்தாங்க. வரிசை நின்னுது."

"பலகை வரியைப் படிச்சு அழுத பொண்ணு?"

"யார் சொன்னா உனக்கு?"

இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குதிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டது. இரண்டு ஜோடி ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ரகசியத்தை மகள் தோழியிடம் சொல்வாளா, மாட்டாளா? சார் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்கவில்லை. சொன்னாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. மனசு பஞ்சு மாதிரி இருந்தது. நாளைக்கு அவள் கடல் பார்த்துக்கொண்டு போவாள்.

அப்போது ஃபோன் அடித்தது. தெரியாத எண். மறுமுனையில் கனத்த, படித்த குரல். மன்னிப்பு எழுதித் தருகிற பெரியவர் இவர்தானா என்று மெதுவாக விசாரித்தது. ஒரு சின்ன விஷயமாம். இன்னும் வெளியே தெரியாதாம். திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடுமாம். பேசுவது கல்லூரி முதல்வர்.

"யாருப்பா ஃபோன்ல?" என்று மாடியிலிருந்து தலைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ராங் நம்பர்," என்றார் சார், ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் திருந்தியவர். குரலைத் தாழ்த்தி, காலையில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.

திரும்பினால், அம்மா புது ஷூவைப் போட்டபடி சோபாவில் சாய்ந்திருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முதல்வரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் எழுதியாயிற்று, இந்த வீட்டில் ஒரு புகார் கல்யாணமான வருஷத்திலிருந்து பதில் இல்லாமல் கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

சார் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை வெங்காயம் கிடையாது. அவள் காத்திருந்தாள். ஷூவின் நுனியை ஆட்டிக்கொண்டே காத்திருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் புதுப்பெண் மாதிரி கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கைபேசி மினுங்கியது. அவள் எடுத்துப் படித்தாள்.

நீளமாக எழுதியிருந்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. இருட்டு என்ற வார்த்தையே இல்லை. பக்கத்துத் தியேட்டரில் படம் முடிந்து விளக்குப் போட்டபோது, பக்கத்து நாற்காலியில் அவளைத் தேடியதாகவும், முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்ததாகவும், அந்த வெட்கத்தில்தான் படம் நன்றாக இருந்தது என்று பொய் சொன்னதாகவும் எழுதியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம், இடைவேளையில் இரண்டு பேருமாக எழுந்து போகலாம் என்று எழுதியிருந்தார். அம்மாவுக்குக் கண் நிறைந்தது. மகளின் குழுவாக இருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருக்கும்.

முதல் வரியில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று இருந்தது. கடைசியில் புகார் எண்ணும் கொடுத்திருந்தார்.